வைட்டமின் பி12: சயனோ, மெத்தில், ஹைட்ராக்ஸோ, அடினோசில் – இத்தனை பெயர்கள் ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா ஒருநாள் இரண்டு மாத்திரை அட்டைகளை என் கையில் கொடுத்து, "இதில் எதைச் சாப்பிடட்டும்?" என்று கேட்டார். ஒன்றில் மெக்கோபாலமின் என்று அச்சிட்டிருந்தது, இன்னொன்றில் சயனோகோபாலமின். இரண்டும் பி12 தான் என்றேன். "பேரே வேறயா இருக்கே" என்றார், நம்பாமல். அதற்கப்புறம் இதே குழப்பத்தைப் பலரிடம் பார்த்துவிட்டேன். சிலர் விலை கூடிய அட்டைதான் உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். சிலர் சயனைடு என்ற சொல்லைக் கேட்டதும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. அதனால் என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பி12 என்பது ஒரு பொருளா, பல பொருள்களா?

ஒரே குடும்பம், சில உறுப்பினர்கள். குடும்பப் பெயர் கோபாலமின். கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வந்த பெயர் அது. வைட்டமின்களிலேயே உலோக அணு ஒன்றைத் தன் நடுவில் வைத்திருப்பது இது மட்டும்தான். அந்தக் கோபால்ட்டைச் சுற்றி ஒரு பெரிய வளையம் இருக்கிறது. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் கோபால்ட்டை நாலாபக்கமும் பிடித்துக்கொள்கின்றன. கீழிருந்து இன்னொரு பிடி. மேலே ஆறாவதாக ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறதோ, அதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது.

மேலே உட்காருவதைத் தொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சயனைடு தொப்பி போட்டால் சயனோகோபாலமின். மெத்தில் தொப்பி போட்டால் மெத்தில்கோபாலமின். ஹைட்ராக்ஸில் தொப்பி என்றால் ஹைட்ராக்ஸோகோபாலமின். அடினோசில் என்ற பெரிய தொப்பி என்றால் அடினோசில்கோபாலமின். தொப்பிக்குக் கீழே இருக்கும் ஆள் நான்கிலும் ஒருவரேதான்.

அட்டையில் மெக்கோபாலமின், கோபமமைடு என்றெல்லாம் இருக்கிறதே, அவை என்ன?

மெக்கோபாலமின் என்பது மெத்தில்கோபாலமினின் சுருக்கப் பெயர். கோபமமைடு, டைபென்கோசைடு இரண்டும் அடினோசில்கோபாலமினுக்கு மருந்து உலகம் வைத்த பெயர்கள். ஹைட்ராக்ஸோகோபாலமினைச் சில அட்டைகளில் ஹைட்ராக்சிகோபாலமின் என்றும் போடுவார்கள். பழைய நூல்களில் பி12ஏ, பி12பி என்று பார்த்தால் அதுவும் ஹைட்ராக்ஸோ வகையைக் குறிப்பதுதான்.

சயனைடு விஷம் ஆயிற்றே? அதை எப்படி மாத்திரையில் வைக்கிறார்கள்?

பயம் நியாயமானது, அதனால் கணக்கையே காட்டிவிடுகிறேன். சயனோகோபாலமினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1355. அதில் சயனைடின் பங்கு 26. அதாவது நூற்றுக்கு இரண்டுகூட முழுதாக இல்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 20 மைக்ரோகிராம் சயனைடுதான் இருக்கும். உயிருக்கு ஆபத்தான அளவு இதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. நாம் சாப்பிடும் பல விதைகளிலும் கிழங்குகளிலும்கூடச் சிறிதளவு சயனைடு வரத்தான் செய்கிறது. அதைத் தயோசயனேட் ஆக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும் வழி உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, இந்தத் தொப்பி எப்படி வந்தது? 1948-இல் அமெரிக்காவில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவும், பிரிட்டனில் லெஸ்டர் ஸ்மித் குழுவும் தனித்தனியாகக் கல்லீரலிலிருந்து ஒரு சிவப்புப் படிகத்தைப் பிரித்தெடுத்தன. அதுதான் பி12 என்று உலகம் அறிந்தது. அந்தப் படிகத்தில் சயனைடு இருந்தது பின்னர்தான் தெரிய வந்தது. பிரித்தெடுக்கும் வேலையின்போது ஒட்டிக்கொண்ட சயனைடு அது. கல்லீரலில் அந்த வைட்டமின் அப்படி இருக்கவில்லை. ஆனால் அந்த ஒட்டல் ஒரு நல்ல காரியம் செய்தது. சயனைடு கோபால்ட்டை மிக இறுக்கமாகப் பிடிப்பதால், இந்த வகை வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நாள்கணக்கையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் வைட்டமின் சேர்த்த உணவுகளிலும் பல மாத்திரைகளிலும் இன்றுவரை சயனோ வகையே அதிகம்.

மெத்தில்கோபாலமின் "செயல்படும் வடிவம்" என்கிறார்கள். அப்படியானால் அதுதானே சிறந்தது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், விளம்பரங்கள் அதிகம் குழப்புவதும் இதில்தான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

செயல்படும் வடிவம் என்று சொல்வதில் பொய் இல்லை. உடம்பில் பி12 இரண்டே இரண்டு என்சைம்களுக்கு உதவுகிறது. செல்லின் திரவப் பகுதியில் இருக்கும் ஒன்று, ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் ஆக்குவது. அதற்கு மெத்தில் தொப்பி வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் மற்றொன்று, சில கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் சிதையும்போது வரும் ஒரு பொருளை எரிபொருள் பாதைக்குத் திருப்பிவிடுவது. அதற்கு அடினோசில் தொப்பி வேண்டும். ஆக, வேலை செய்வது இந்த இரண்டு வடிவங்கள்தான்.

விளம்பரம் சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்த படியை. நீங்கள் விழுங்கிய பி12, எந்தத் தொப்பியோடு வந்தாலும் செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு புரதத்திடம் போகிறது. எம்எம்ஏசிஎச்சி என்று அதற்குப் பெயர். அது வந்த தொப்பியைக் கழற்றிவிடுகிறது. சயனைடாக இருந்தாலும் கழற்றும், மெத்திலாக இருந்தாலும் கழற்றும், அடினோசிலாக இருந்தாலும் கழற்றும். அப்புறம் வெறுந்தலையோடு நிற்கும் கோபாலமினுக்கு, எங்கே தேவையோ அங்கே செல்லே புதுத் தொப்பி போட்டுவிடுகிறது. மெத்தில் தொப்பிக்கான மெத்தில்கூட ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினிலிருந்துதான் வருகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெத்தில் என்சைம் வரை போய்ச் சேருவதில்லை.

அதனால் சாதாரணக் குறைபாட்டுக்கு மெத்தில் வகை சயனோ வகையைவிட உயர்ந்தது என்று சொல்ல அடிப்படை இல்லை. மெத்தில் வகை மோசம் என்றும் நான் சொல்லவில்லை. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஜப்பானிலும் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நரம்பு உபாதைகளுக்கு மருத்துவர்கள் பல ஆண்டுகளாக அதைத்தான் எழுதுகிறார்கள். ஏஎல்எஸ் என்ற கடுமையான நரம்பு நோய்க்கு 50 மில்லிகிராம் மெத்தில்கோபாலமின் ஊசியை 2024-இல் ஜப்பான் அனுமதித்தது. ஆனால் அது தினசரித் தேவையைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அந்த அளவில் அது மருந்து. அதைக் காட்டி 500 மைக்ரோகிராம் மாத்திரைக்குப் பெருமை சேர்ப்பது சரியில்லை.

எனக்கு எம்டிஎச்எஃப்ஆர் மரபணு மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். மெத்தில் வகைதான் எடுக்க வேண்டுமா?

அந்த மரபணு ஃபோலேட் சம்பந்தப்பட்டது. பி12 மேல் இருக்கும் தொப்பியைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அது மட்டுமே காரணமாக பி12 வகையை மாற்ற வேண்டியதில்லை.

ஹைட்ராக்ஸோகோபாலமின் ஏன் பெரும்பாலும் ஊசியாக வருகிறது?

ரத்தத்தில் உள்ள புரதங்களோடு அது நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் சிறுநீரில் சீக்கிரம் வெளியேறாமல் உடம்பில் நெடுநாள் தங்கும். பிரிட்டனில் ஆரம்பச் சிகிச்சை முடிந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசி போட்டால் போதும் என்பது நடைமுறை. அமெரிக்காவில் அதிகம் பயன்படும் சயனோ ஊசியை வழக்கமாக மாதம் ஒருமுறை போடுகிறார்கள். நாட்டுக்கு நாடு வகை மாறுவதற்கு மருத்துவப் பழக்கமும் ஒரு காரணம்.

இந்த வகைக்கு இன்னொரு வேலை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தீ விபத்துப் புகையில் சிக்கியவர்களின் உடம்பில் சயனைடு ஏறியிருக்கும். அவர்களுக்கு 5 கிராம் ஹைட்ராக்ஸோகோபாலமினை ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். அது தன் ஹைட்ராக்ஸில் தொப்பியைக் கழற்றிப்போட்டுவிட்டு, சுற்றியிருக்கும் சயனைடைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறது. அதாவது சயனோகோபாலமின் ஆகிவிடுகிறது. அப்புறம் சிறுநீரில் சாதுவாக வெளியேறுகிறது. நோயாளியின் தோலும் சிறுநீரும் சில வாரம் வரை சிவந்திருக்கலாம். சயனோகோபாலமினைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சயனைடு விஷத்தை முறிக்கும்போது உடம்பில் உருவாகும் பாதுகாப்பான பொருளே அது.

அப்படியானால் எந்த வகை என்பது யாருக்குமே முக்கியமில்லையா?

சிலருக்கு முக்கியம்தான். பிறவியிலேயே தொப்பி கழற்றும் அந்தப் புரதம் பழுதான குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு சயனோ வகை சரியாக உதவாது. ஹைட்ராக்ஸோ ஊசிதான் கொடுப்பார்கள். லெபர் என்னும் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் உள்ளவர்களுக்கும் சயனோ வகையைத் தவிர்ப்பது வழக்கம். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள் அதிக அளவில், நீண்ட நாள் எடுக்க வேண்டியிருந்தால் சயனோ அல்லாத வகையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. இந்த மூன்று நிலைகளிலும் நீங்களாக அட்டையை மாற்றாதீர்கள்.

அடினோசில்கோபாலமினைத் தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே காரணம்தான்.

தினமும் 2.4 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள். மாத்திரையில் ஏன் 500, 1000, 1500?

வாசல் மிகச் சிறியது என்பதால். உணவிலிருந்து வரும் பி12-ஐ, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் ஏந்திக்கொள்ள வேண்டும். உள்ளார்ந்த காரணி என்று அதைச் சொல்வார்கள். 1920-களின் இறுதியில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் அதைக் கண்டறிந்தார். அந்த ஜோடி சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து, அங்கே மட்டும் உள்ளே இழுக்கப்படும். ஒரு வேளையில் அந்த வழி ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம் வரைதான் ஏற்கும். மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் தானாகக் கசிந்து நுழையும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் கசிந்து வருவது மட்டும் பத்து. இரைப்பையில் உள்ளார்ந்த காரணியே சுரக்காதவருக்கும் இந்தப் பத்து கிடைத்துவிடும். அதனால்தான் பெரிய அளவு. உள்ளார்ந்த காரணி இல்லாமல் போவதால் வரும் பெர்னீசியஸ் ரத்தசோகை உள்ளவர்களில் பலருக்குக்கூட ஊசிக்குப் பதிலாக அதிக அளவு மாத்திரை உதவுவதும் இந்தக் கசிவால்தான். மிஞ்சியது உடம்பில் தேங்கித் தொல்லை தருவதில்லை. இதற்கு மேல் வேண்டாம் என்று ஓர் உச்ச அளவை உணவியல் குழுக்கள் பி12-க்கு நிர்ணயிக்கவில்லை.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இன்னும் வேகமாக வேலை செய்யுமா?

விழுங்கும் மாத்திரையும் அதுவும் ஒப்பிடப்பட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வசதி. ஊசி வேறு விஷயம். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மறதி என்று நரம்பு அறிகுறி வந்துவிட்டால் ஊசியில்தான் தொடங்குவார்கள். அங்கே தாமதம் கூடாது. நரம்புச் சேதம் நாள்பட்டால் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

உணவில் இருப்பது எந்த வகை?

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் பெரும்பாலும் அடினோசில், ஹைட்ராக்ஸோ வகைகள். மெத்தில் குறைவாக. ஆனால் நம் ரத்தத்தில் ஓடுவதில் மெத்தில்தான் அதிகம். உடம்பு தன் தேவைக்குத் தொப்பி மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா!

ஸ்பைருலினா பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் பி12 நிறைய இருப்பதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி போலி பி12. அங்கே மேல் தொப்பியில் பிழையில்லை, கீழிருந்து பிடிக்கும் பகுதி வேறு. உள்ளார்ந்த காரணி அதைச் சரியாக ஏந்துவதில்லை, மனித உடம்புக்கு அது உதவுவதும் இல்லை. சில பரிசோதனை முறைகள் அதையும் பி12 என்றே எண்ணிவிடுவதால் இந்தத் தவறு பரவியது. அசைவம் தொடாதவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம்.

மாத்திரையில் உள்ளது விலங்கிலிருந்து எடுத்ததா?

இல்லை. நான்கு வகைகளும் பாக்டீரியாக்களை வளர்த்து எடுப்பவைதான். இயற்கையிலேயே பி12-ஐ உருவாக்கத் தெரிந்தவை பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே. செடிகளாலும் முடியாது, விலங்குகளாலும் முடியாது. மாடு தன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. ஆய்வகத்தில் முழுக்க முழுக்க வேதிமுறையில் உருவாக்கியதும் உண்டு. ராபர்ட் வுட்வர்ட், ஆல்பர்ட் எஷன்மோசர் இருவரின் குழுக்களும் சேர்ந்து 1972-இல் அதை முடித்தன. நூறு பேர் அளவில் பத்தாண்டுக்கு மேல் உழைத்த வேலை. அப்படி ஒன்றை நுண்ணுயிர் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மாத்திரைக்கு மேலே உள்ள உறை ஜெலட்டினாக இருக்கலாம் என்பதை மட்டும் சைவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வைட்டமினுக்கு முன்பு வேறு பெயர்கள் இருந்தனவா?

நிறைய. 1926-இல் ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி இருவரும் தினமும் நிறையக் கல்லீரல் சாப்பிடவைத்து, அதுவரை உயிரைப் பறித்துவந்த ரத்தசோகையிலிருந்து நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கல்லீரலில் இருந்த மருந்து என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. காசில் அதை வெளிக் காரணி என்றார். கால்நடைத் தீவன ஆய்வாளர்கள் விலங்குப் புரதக் காரணி என்றார்கள். மேரி ஷார்ப் என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியா வளர்வதை வைத்து அதன் அளவைக் கணிக்கும் வழியைக் கண்டுபிடித்ததால், அந்த பாக்டீரியாவின் பெயரில் எல்எல்டி காரணி என்றும் ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் தேடியது ஒன்றையேதான். டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே கதிர்களால் அதன் முழு அமைப்பையும் 1950-களின் நடுவில் படம்பிடித்துக் காட்டியபோதுதான் கோபால்ட்டும் வளையமும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1964-இல் அவருக்கு நோபல் பரிசு.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எந்த வகை என்று தெரியுமா?

தெரியாது. பல பரிசோதனை முறைகளில் ரத்தத்தில் உள்ள எல்லா வகையையும் சயனைடு சேர்த்து சயனோகோபாலமின் ஆக்கிவிட்டுத்தான் அளப்பார்கள். வரும் எண் மொத்தக் கணக்கு.

அறிக்கையில் அலகைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம், இன்னோரிடத்தில் லிட்டருக்குப் பிக்கோமோல். பிக்கோமோல் எண்ணை 1.355 ஆல் பெருக்கினால் பிக்கோகிராம் எண் வரும். 148 பிக்கோமோலும் 200 பிக்கோகிராமும் ஒன்றே. இது தெரியாமல் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பதறுகிறவர்கள் உண்டு.

"ஆக்டிவ் பி12" என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. பெயர் அப்படியே தவிர, மெத்தில் வகையை அளப்பதல்ல அது. செல்லுக்குள் கொண்டுபோகும் டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதத்தோடு சேர்ந்திருக்கும் பங்கை அளக்கிறது. மொத்த எண் எல்லைக்கோட்டில் இருந்தால் இதையோ, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தையோ பார்க்கச் சொல்வார்கள். பி12 மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் போதாதா? அதுவும் ரத்தசோகைக்குத்தானே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் ஓரளவு சரிசெய்துவிடும், ஆனால் நரம்பைக் காப்பாற்றாது. ரத்த எண்கள் நன்றாகத் தெரிய, நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அவை உணவிலிருந்து அது சேர்வதைக் குறைக்கின்றன.

மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது?

வெளிச்சம் படாமல். மெத்தில், அடினோசில் வகைகளுக்கு இது மிகவும் அவசியம், வெளிச்சம் பட்டால் தொப்பி கழன்று ஹைட்ராக்ஸோ வகையாகிவிடும். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாத்திரையோ ஊசி மருந்தோ சிவந்திருப்பது கோபாலமினின் சொந்த நிறம், கெட்டுப்போன அடையாளம் அல்ல.

வீட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. எதைச் சாப்பிடுவது?

அம்மா கேட்ட அதே கேள்வி. அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தது, வேறு சிக்கலும் இல்லை. மருத்துவரிடம் கேட்டபோது, காலாவதித் தேதி முதலில் வருவதைச் சாப்பிடுங்கள், அது தீர்ந்ததும் அடுத்ததைத் தொடருங்கள், நடுவில் மட்டும் விடாதீர்கள் என்றார். அம்மா சயனோ அட்டையை முதலில் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது.  நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அது ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை மாத்திரையை நிறுத்தாமல் இருங்கள்.